பத்து மில்லிமீட்டர்

சிஸ்டர் ஜெஸிந்தா கதவைத் திறந்து ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டாள். செண்பகவல்லி கையில் வைத்திருந்த சீட்டில் பதினான்கு என்று எழுதியிருந்தது. இன்னும் ஐந்து பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் அரைமணி நேரம் ஆகிவிடும், நடுவில் டாக்டர் தவமணி காபி குடிக்க எழுந்தால் முக்கால் மணி என்று உலகநாதன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அது போதாது என்று பட்டது. ஒரு நாள் முழுக்கக் கிடைத்தாலும் போதாது. பாளையங்கோட்டையில் இந்த எலும்பு ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக, எக்ஸ்ரே எடுக்கிறவர் அவர். சொந்தப் பெண்டாட்டியை வரிசையில் உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கூட்டிப் போயிருக்கலாம். ஜெஸிந்தாகூட, "என்ன அண்ணாச்சி, மதினிய இங்க உக்கார வச்சுருக்கீங்க, உள்ள கூட்டிட்டு வாங்க" என்றாள். "எல்லாரும் காத்துத்தான கெடக்காங்க, நாமளும் இருப்போம்" என்று பெரிய நியாயஸ்தர் மாதிரி சொல்லிவிட்டார். செண்பகவல்லி அவரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குனிந்து அவளுடைய செருப்புகளைப் பார்த்தார். இடது செருப்புக்கு மட்டும் அடியில் கூடுதலாக ஒரு கட்டை ரப்பர் ஒட்டியிருந்தது, வலது கால் இப்போது ஒரு சென்டிமீட்டர் நீளம் என்பதால். பாளை மார்க்கெட்டில் செருப்புத் தைக்கிறவர் ஒட்டிக் கொடுத்தது. நன்றாகத்தான் ஒட்டியிருந்தார், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

படம் அரைமணிக்கு முன்னால் எடுத்தது. அவரேதான் எடுத்தார், வேறு யார் எடுப்பார்கள். இடுப்பு மூட்டு மாற்றி வருஷம் ஒன்று ஆகிறது, ஒரு படம் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். இந்தத் தடவை செண்பகவல்லியின் இரண்டு பாதங்களையும் உள்பக்கமாகத் திருப்பி, இரண்டு கட்டைவிரல்களும் முட்டிக்கொண்டு நிற்கும்படி அகலப் பிளாஸ்திரி ஒட்டி, புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி எடுத்தார். கம்ப்யூட்டரில் படம் வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு அளந்தார். தொடை எலும்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற பந்தின் மையத்தில் ஒரு புள்ளி. கோட்டிலிருந்து புள்ளி எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. டாக்டர்கள் இதை ஆப்செட் என்பார்கள். கடவுள் கொடுத்த இடது காலில் நாற்பத்தாறு. டாக்டர் தவமணி மாற்றி வைத்த வலது காலில் முப்பத்தாறு. மறுபடி அளந்தார், முப்பத்தாறுதான். பத்து மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். அப்புறம் போன வருஷம் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் அதே இடது கால், ஒரு கத்தியும் படாத கால், முப்பத்தாறு என்று காட்டியது. காட்டத்தானே செய்யும். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் தொடை எலும்பின் கழுத்தும் கூடவே திரும்பிவிடும், படத்தில் குட்டையாகத்தான் விழும். வெயிலில் கையைத் திருப்பினால் நிழல் குறுகுகிற மாதிரி. அந்தப் பொய் முப்பத்தாறை நம்பி டாக்டர் வலது காலையும் அதற்குச் சமமாக வைத்துவிட்டார். வைத்தபின் மூட்டு பிடிப்பில்லாமல் ஆடியிருக்கிறது. நழுவிவிடக்கூடாதே என்று நீளத்தைக் கூட்டி இறுக்கியிருக்கிறார். தொடை எலும்புக்குள் இறக்குகிற தண்டுகளில், பக்கவாட்டில் அதிகம் தள்ளி நிற்கிற இன்னொரு வகை அன்றைக்குத் தட்டிலேயே இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். அதை எடு என்று சொல்ல வேண்டியது உலகநாதனின் படம், அது வேறு சொன்னது.

"பதினொண்ணு போயிருச்சா?" என்று செண்பகவல்லி கேட்டாள். "பத்துதான் போயிருக்கு" என்றார். மாவுக்கட்டு அறுக்கிற மிஷின் எங்கேயோ சிணுங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை அதற்கு மேல் சிணுங்கியது. வலிக்காதுடா, தோலை அறுக்காதுடா என்று தகப்பன் சொல்வது கேட்டது. வலிக்காது. அவரும்தான் ஆபரேஷனுக்கு முன்னால் படம் எடுத்த அன்றைக்குச் சொன்னார், வலிக்காது செண்பகம், ஒரு நிமிஷம். மேஜையில் மல்லாக்கக் கிடந்தாள், பந்து நசிந்துபோன இடுப்பு, தொட்டாலே உயிர் போகிற வலி. வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து உள்பக்கம் மெல்லத் திருப்பினார். அவள் கத்தினாள். அப்படி ஒரு கத்தலை முப்பது வருஷத்தில், இரண்டு பிரசவத்தில்கூட அவர் கேட்டதில்லை. "விட்டுருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், விட்டுருங்க." அவர் விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேர் அதே மேஜையில் கத்தியிருக்கிறார்கள். வாத்தியார்கள், போலீஸ்காரர், தொண்ணூறு வயசுக் கிழவர்கள், ஒரு கன்னியாஸ்திரி. ஒருத்தரையும் விட்டதில்லை. பல்லைக் கடிச்சுக்கோங்க, இப்ப விட்டா ஆயுசுக்கும் நொண்டணும் என்று சொல்லிச் சொல்லி, முடிகிறவரைக்கும் திருப்பி, பிளாஸ்திரி ஒட்டி எடுத்திருக்கிறார். கல்நெஞ்சுக்காரன் என்று முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் இன்றைக்கு நேராக நடக்கிறார்கள். போன மாசம்கூட ஜங்ஷனில் ஒருத்தர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்து, "அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்கள என்னமா ஏசுனேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரார் மனைவிமாருக்கெல்லாம் சரியாகத் திருப்பிய கை, சொந்த மனைவிக்கு மட்டும் இரக்கப்பட்டது.

இரக்கம். ஒரு வருஷமாக அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலம் தள்ளினார். அவள் ஆடி ஆடி நடப்பதைப் பார்க்கிறபோதெல்லாம், பாசத்தால் செய்த தப்பு, பாசத்தால் செய்த தப்பு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வார், சாமி பேரைச் சொல்கிற மாதிரி. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன இடது கால். யோசனை எங்கே சுற்றினாலும் அங்கே வந்துதான் முட்டுகிறது. நோவு வலது காலில். டாக்டர் அளந்தது இடது காலை, நல்ல காலைப் பார்த்துத்தான் நோவு பிடித்த காலுக்கு அளவு எடுப்பார்கள் என்பது இவருக்குத் தெரியாத விஷயமா. இடது காலில் வலியே கிடையாது. அதைத் திருப்பியிருந்தால் செண்பகவல்லி ஒரு முனகல்கூட முனகியிருக்க மாட்டாள். இடது பாதத்தை உள்ளே திருப்பி ஒரு மணல்மூட்டையை முட்டுக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும், நாலு விநாடி. ஏன் திருப்பவில்லை. மறந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தார். மறக்கவில்லை. அவள் கத்தியபோது வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரேக்காரர் வீட்டம்மாவே இப்படிக் கத்துது பாரு என்று ஒரு பெண்பிள்ளை சொன்னது கதவைத் தாண்டிக் காதில் விழுந்தது. அவருக்கு மூஞ்சி எரிந்தது. சீக்கிரம் எடுத்து முடித்து இவளை இந்த அறையைவிட்டு வெளியே தள்ளினால் போதும் என்று இருந்தது. அதுதான் நிஜம், வேறு ஒரு நிஜமும் இல்லை. அவள்மேல் இரக்கம் வந்தது ஒரு விநாடி, எரிச்சல் வந்தது மிச்ச நேரமெல்லாம். இரண்டு பாதமும் எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய் மூச்சை அடக்கச் சொல்லி பட்டனை அமுக்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் போனில் கேட்டார். படம் ஒரு மாதிரி இருக்கே உலகநாதன், கால் திருப்பித்தான் எடுத்தீங்களா. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குக் காலையில் மறுபடி எடுத்துவிடுகிறேன் சார் என்றால் முடிந்தது விஷயம். "திருப்புனேன் சார், முடிஞ்ச மட்டும் திருப்பித்தான் எடுத்தேன்" என்று சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் டாக்டர் தவமணி அவர் படத்தைச் சந்தேகப்பட்டதே இல்லை, அன்றைக்கும் அதற்குமேல் கேட்கவில்லை. நீங்க சொன்னா சரி என்று வைத்துவிட்டார். எலும்பின் உள்பக்கத்து முண்டு படத்தில் அவ்வளவு பெரிசாகத் தெரிந்தால் கால் வெளியே சாய்ந்து கிடக்கிறது என்று படிக்கிற பையன்களுக்கே தெரியும், இவர் கண் எங்கே போயிற்று என்று உலகநாதன் சில நாள் டாக்டர்மேல் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறார். கோபம் பத்து நிமிஷம்கூட நிற்காது. அவர் நம்பினார், நான் புளுகினேன். எப்படித் திருப்பிப் போட்டாலும் கடைசியில் இந்த இரண்டு வாக்கியம்தான் மிஞ்சுகிறது.

பதினொன்றாம் நம்பர் வாக்கரைத் தட்டித் தட்டிக்கொண்டு உள்ளே போயிற்று. செண்பகவல்லி அந்த அம்மாளின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க பரவால்ல என்னா, ரெண்டே மாசந்தான் ஆகுதாம்" என்றாள். குரலில் பொறாமை இல்லை, பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு மரியாதை இருந்தது. அவள் பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் வார்டன். மூன்று மாடி, நூற்றெண்பது பிள்ளைகள். முன்பெல்லாம் அவள் நடைச் சத்தம் கேட்டாலே மேல்மாடியில் வானொலி நின்றுவிடுமாம், அப்படி விறுவிறுவென்று ஏறுவாள். இப்போது வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கமாகச் சரிந்து நிமிர்கிறது. இடுப்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற சதைக்கு இழுவிசை வேண்டும். இரண்டு கம்பத்தையும் கிட்டக்கிட்ட நட்டுவிட்டால் கொடிக்கயிறு தொங்கத்தான் செய்யும், அதில் எதைக் காயப்போட. போன மாசம் ஒரு நாள் படியில் ஏறும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். மூன்று பிள்ளைகள் வரிசையாக அவளை மாதிரியே சரிந்து சரிந்து ஏறி வந்துகொண்டிருந்தார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அச்சு அசலா அப்பிடியே நடக்குதுவங்க, எனக்கே சிரிப்பு வந்துருச்சு" என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சாப்பிட்டார். அதுவும் ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது தடவை ரசம் ஊற்றச் சொல்லிக் கேட்டது.

அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. சதைக்குப் பலம் வரவில்லை, பயிற்சி போதவில்லை என்று பிசியோதெரபிப் பெண் சொன்னதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் ஹாலில் பாயைப் போட்டு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது காலை மேலே தூக்கித் தூக்கி இறக்குவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணுவாள். அவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார், எண்பது கேட்கும். குளிக்கப் போவார், நூற்றைம்பது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போது இருநூற்றுப் பத்து, மூச்சு வாங்குகிற சத்தத்தோடு. சில நாள் நடுவில் எண்ணிக்கை நின்றுபோகும், அழுகிறாளோ என்று எட்டிப் பார்ப்பார், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். "நான் சின்ன வயசுலருந்தே சோம்பேறிங்க, எங்கம்மா சொல்லிட்டே இருப்பா" என்பாள். அவளா சோம்பேறி. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் அந்தப் பாயைச் சுருட்டி வைத்துவிடலாம். கால் நேராகிவிடாது, அது இனி எந்த ஜென்மத்திலும் ஆகாது. எலும்பு தண்டோடு ஒட்டி வளர்ந்துவிட்டது, பிடுங்க வேண்டுமானால் தொடை எலும்பை நீளவாக்கில் பிளக்க வேண்டும், இவளுக்கு இருக்கிற சர்க்கரைக்கு எந்த டாக்டரும் கத்தியைத் தொட மாட்டார். கால் போனது போனதுதான். ஆனால் தன்னையே ஏசிக்கொண்டு எண்ணுகிறாளே, அது நிற்கும். அதையாவது நிறுத்தலாமே. அதற்கும் இவருக்கு வாய் வரவில்லை.

இப்போதே சொல்லிவிடலாம், இந்த நாற்காலியிலேயே. டாக்டர் எப்படியும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், பார்த்தால் இடது கால் ஒரு வருஷத்தில் பத்து மில்லிமீட்டர் வளர்ந்திருப்பது தெரிந்துவிடும், எலும்பு அப்படி வளருமா. என்ன உலகநாதன் இது என்று அவள் முன்னாலேயே கேட்பார். அதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். மரியாதையா. இவ்வளவு நடந்தபிறகும் மரியாதையைத்தானா நினைக்கிறேன், என்று அவருக்குத் தன்மேலேயே குமட்டியது. சொன்னால் அவள் என்ன செய்வாள். கத்த மாட்டாள். அவள் சுபாவம் அது இல்லை. எழுந்து, அந்த ரப்பர் ஒட்டிய செருப்போடு சரிந்து சரிந்து தனியாக வாசலுக்குப் போவாள், இவர் பின்னாலேயே நடந்து போக வேண்டியிருக்கும், அந்த நடையை முழுக்கப் பார்த்துக்கொண்டே. அதற்குத்தான் பயம். டாக்டருக்குப் பயமில்லை, வேலைக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கிற பயம். "செண்பகம்" என்றார்.

"என்னங்க."

அவள் முகத்தைத் திருப்பியபோது கண்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தன. நெற்றிப்பொட்டுக்கு ஓரத்தில் வியர்வை பொடித்திருந்தது. காலையில் நூற்றுக்கணக்கில் காலைத் தூக்கிவிட்டு, அவசரமாகக் குளித்துவிட்டு வந்தவள்.

"தண்ணி குடிக்கியா?"

"வேண்டாம், அப்புறம் பாத்ரூம் போணும்" என்றாள். இரண்டு எட்டு கூடுதலாக நடக்க வேண்டாம் என்றுதான் அவள் வெளியே போனால் தண்ணீர் குடிப்பதில்லை, அதுவும் அவருக்குத் தெரியும். பன்னிரண்டு போயிற்று. பதிமூன்று வரவில்லை, ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்களாம். "பதினாலு, செண்பகவல்லி" என்று ஜெஸிந்தா கூப்பிட்டாள். பதிமூன்றை நம்பி உலகநாதன் ஐந்து நிமிஷம் வைத்திருந்தார், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

டாக்டர் தவமணி, "வாங்கம்மா, நடந்து காட்டுங்க" என்றார். அவள் ஜன்னல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். பரீட்சை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, சரியாமல் நடக்கப் பார்த்து, அதனாலேயே அதிகமாகச் சரிந்தாள். டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். இன்றைய படம் வந்தது. போன வருஷத்துப் படத்தையும் திறந்தார். உலகநாதன் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் இடது காலில் ஒரு கோடு இழுத்தார். எண் வந்தது. பழைய படத்தில் அதே இடது காலில் ஒரு கோடு இழுத்தார். அந்த எண்ணும் வந்தது. அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் மெல்லத் தலையைத் திருப்பி உலகநாதனைப் பார்த்தார். திட்டப் போகிறார், திட்டட்டும், கடவுளே திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும், எல்லாம் இந்த அறையில் இவள் காது கேட்க வெளியே வந்துவிடட்டும், என்று உலகநாதன் அந்த விநாடி நிஜமாகவே வேண்டிக்கொண்டார். ஆனால் அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் முகம் கழுவும்போது உலகநாதன் கண்ணாடியில் பார்க்கிற அதே பயம். டாக்டரும் அன்றைக்குப் படத்தில் கால் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு விட்டவர்தான். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய படத்தை மூடினார்.

"தண்டு எலும்போட நல்லாப் பிடிச்சிருக்கும்மா. மூட்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது. சதைதான் இன்னும் பலம் வரணும்."

"அப்ப நான்தான் சரியாச் செய்யலையா டாக்டர்?"

டாக்டர் பேனாவைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்று சீட்டைப் பார்த்துச் சொன்னார். "உலகநாதன், நீங்களும் கூட இருந்து பாத்துக்கோங்க." சரி சார் என்று சொன்னது தன் குரல்தான் என்று உலகநாதனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

வெளியே வராந்தாவில் செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கால் வலிக்கிறதோ என்று கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். "ஒங்க ஆஸ்பத்திரி, ஒங்க டாக்டரு, அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சுருக்காங்க. நான் ஒழுங்காச் செய்யாம அவர் முன்னால ஒங்களத் தல குனிய வச்சுட்டேன். நீங்க நின்ன நெலயப் பாத்தேன், எனக்கே அழுக வந்துருச்சு. என்னைய மன்னிச்சுருங்க." எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்கிறவர்கள் பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, நாக்கில் அதன் கனம்கூடத் தெரிந்தது. பெஞ்சில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ குசுகுசுத்தாள்.

"சரி, பரவால்ல விடு" என்றார் உலகநாதன். "இனிமேலாவது ஒழுங்காச் செய்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செய்யுதேங்க" என்றாள்.